வேண்டாம் என்பதற்குப் படம் இல்லை

ஜனவரி 9

பேராசிரியர் மச்சானுக்கு,

நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடை அம்மா எழுதுது. கூட்டம் இல்லாத மதிய நேரம். நடுவுல யாராவது இருமலுக்கு மருந்து கேட்டு வந்தா நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிப்போம். அங்கங்க விட்டு விட்டு இருந்தா பொறுத்துக்க. போன்ல பேசலாமேன்னு நினைப்ப. போன்ல நீ நடுவுல வச்சிடுற. காகிதத்தை அப்படி வைக்க முடியாது. வச்சாலும் அங்கயே கிடந்து உன்னைப் பார்த்துக்கிட்டு இருக்கும்.

நேத்து பேப்பர்ல உன் படம் வந்திருக்குன்னு இந்த அம்மா காட்டுச்சு. நடுவுல அமைச்சர், கையில கத்தரிக்கோல். பக்கத்துல நீ. கழுத்தை இறுக்கிப் பட்டை கட்டிக்கிட்டு, கண்ணு பிதுங்க நிக்கிற. பின்னாடி ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம். எல்லாரும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க. முன்னாடி சக்கர நாற்காலியில என் பொண்டாட்டி. மடியில ஒரு பலகை. கீழ போட்டிருக்கிறதை அம்மா வாசிச்சுது: "பக்கவாதத்தால் பேச்சிழந்த மூதாட்டி, பல்கலைக்கழகம் உருவாக்கிய கருவி மூலம் அமைச்சருக்கு நன்றி தெரிவித்தார்."

கடையில நின்னு வாய்விட்டுச் சிரிச்சேன். மாத்திரை வாங்க வந்த ஆள் பயந்து தள்ளி நின்னுட்டார். உங்க அக்கா நன்றி சொன்னாளாம்! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்குச் சொன்னதில்ல. உனக்குச் சொன்னதில்ல. பெத்த அம்மாவுக்கே சொன்னதில்ல. அமைச்சர் அப்படி என்ன செஞ்சுட்டார்? ரிப்பனை வெட்டினதுக்கா?

சரி, அது உங்க கூத்து. எனக்கு வேண்டியது வேற.

அவ விழுந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, வார்டுல குளிருதுன்னு போர்வை வாங்க வெளிய போனேன். திரும்பி வந்தா கட்டில் காலி. "அவங்க தம்பி கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?"ன்னு நர்ஸ் கேட்டா. போர்வையோட நின்னேன். சாயங்காலம் போன்ல என்ன சொன்ன? "மாமா, பெருவிரல் வைக்கிறவங்களை நம்பி இந்த நிலைமையில யாரும் அனுப்ப மாட்டாங்க." சொன்னியா இல்லையா? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால காதுல விழுந்தது எதுவும் மறக்காது. எழுதி வச்சுக்கிறவன்தான் மறப்பான்.

பஞ்சர் கடையை மூடிட்டேன். கீழ இருக்கிற அந்த அறையைச் சுத்தம் பண்ணி, வெள்ளை அடிச்சு, அவளுக்குப் படி ஏற வேண்டாம்னு கட்டில் போட்டு வச்சிருக்கேன். என் பொண்டாட்டியை அனுப்பி வை.

உன் மாமா


ஜனவரி 20

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. தொலைபேசியை நான் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்தால் பக்கத்து அறையில் அக்கா அழுகிறாள். ஆகவே கடிதமே நல்லது. காகிதம் கத்தாது என்று நினைத்தேன். உங்களுடையது கத்துகிறது.

நான் அக்காவைக் கடத்தி வரவில்லை. உங்கள் ஊர் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கிடையாது. கை கால் பயிற்சிக்கு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். இங்கே பல்கலைக்கழக வளாகத்திலேயே பயிற்சி மருத்துவமனை இருக்கிறது. தினமும் வண்டி வந்து அழைத்துப் போகிறது. பஞ்சர் கடைக்கு வெள்ளை அடித்தால் அது சிகிச்சை அறை ஆகிவிடுமா? டயர் நாற்றம் சுவரை விட்டுப் போக எத்தனை வருடம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் 'கூத்து' என்று சொன்னது என்னுடைய ஆறு வருட உழைப்பு. நோயாளிகளுக்கும் முதியோருக்கும் கணினி வழியில் உதவுவதற்காகப் பல்கலைக்கழகம் ஒரு மையமே தொடங்கியிருக்கிறது. அதற்கு நான் இயக்குநர். எங்கள் முதல் கருவிதான் அக்கா மடியில் நீங்கள் பார்த்த பலகை. அதில் படங்கள் இருக்கும். தொட்டால் அந்தப் படத்துக்கு உரிய சொல்லை அதுவே பேசும். படிக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்தலாம். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். படங்களை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

பதினோரு நோயாளிகளில் அக்காதான் அதிகமாகப் பயன்படுத்துகிறாள். கருவியே எண்ணிக் காட்டும். குறிப்பாகத் தண்ணீர்ப் படம். நாள் முழுவதும் தண்ணீர் கேட்கிறாள். சர்க்கரை இருக்குமோ என்று இரண்டு முறை இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டோம், இல்லை. சிறுநீரக மருத்துவரிடம் காட்டப் போகிறோம். இதெல்லாம் அங்கே யார் கவனித்திருப்பார்கள்?

அக்கா இங்கே நிம்மதியாக இருக்கிறாள். 'நலமா' என்று கேட்டால் 'நலம்' படத்தைத் தொடுகிறாள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


ஜனவரி 28

மச்சான்,

நீ அனுப்பின படக் காகிதத்தை மருந்துக்கடை மேசையில விரிச்சு வச்சுப் பார்த்தேன். எனக்கு யாரும் வாசிச்சுக் காட்ட வேண்டியதில்லாத முதல் காகிதம் இதுதான். அதுக்கு உனக்கு ஒரு கும்பிடு. கும்பிடு அதோட முடிஞ்சுது.

இந்தப் படத்துல இருக்கிறவன் யாருடா? எல்லாத்துலயும் ஒரே ஆள், எல்லாத்துலயும் சிரிக்கிறான். சாப்பாடு, சிரிக்கிறான். குளிக்கணும், சிரிக்கிறான். வயித்தைப் புடிச்சுக்கிட்டு வலிக்குதுங்கிறான், அங்கயும் சிரிக்கிறான். வலியில சிரிக்கிறவனை எங்க பிடிச்சீங்க? கக்கூஸ் படத்துல அவன் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து இந்த அம்மா காகிதத்தைத் திருப்பி வச்சிடுச்சு.

நன்றிக்கு ரெண்டு படம் இருக்கு. கையைக் கூப்பி ஒண்ணு, தலையைக் குனிஞ்சு ஒண்ணு. ஒருத்தருக்கு நாள்ல எத்தனை தடவைடா நன்றி சொல்லத் தோணும்? வணக்கத்துக்கு ஒண்ணு. நலத்துக்கு ஒண்ணு. மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல தேடிப் பார்த்துட்டேன். வேண்டாம்னு சொல்றதுக்குப் படம் இல்ல. முடியாதுன்னு சொல்ல இல்ல. நிறுத்துன்னு சொல்ல இல்ல. போன்னு சொல்ல இல்ல. ஆறு வருஷம் உழைச்சீங்களே, உங்க கண்ணாடிக் கட்டடத்துல ஒருத்தருக்காவது வீட்ல பொண்டாட்டி இருக்காளா இல்லையா? எந்தப் பொம்பளை நாள் முழுக்க வேண்டாம்னு ஒரு தடவை சொல்லாம இருப்பா?

"நலமா"ன்னு கேட்டா நலத்தைத் தொடுறாளாம். பக்கத்துல நலம் இல்லைன்னு ஒண்ணு இருந்தாத்தானே அதைத் தொடுறதுக்கு?

அப்புறம் இந்தத் தண்ணி. படிச்ச முட்டாளே.

(இந்த இடத்தில் இன்னும் மூன்று சொற்கள் சொன்னார். எழுதவில்லை. — மருந்துக்கடை)

உங்க அக்கா தண்ணியே குடிக்க மாட்டா. சாப்பாட்டோட வைக்கிற டம்ளர் சாப்பிட்டு முடிச்சாலும் அப்படியே இருக்கும். நான்தான் கத்திக் கத்திக் குடிக்க வைப்பேன். அவ நாள் முழுக்கத் தண்ணிப் படத்தை அழுத்துறான்னா அது தாகம் இல்ல. அவ கூப்பிடுறா. தண்ணின்னா ஆள் வருதுன்னு கண்டுபிடிச்சிருக்கா. யாரைக் கூப்பிடுறான்னு உனக்கே தெரியும், ஆனா அதுக்கும் படம் இல்ல. நீங்க என்னடான்னா ஊசியைக் குத்தி ரத்தம் எடுக்கிறீங்க.

நான் ஒண்ணு கேக்குறேன். நியாயமான ஆளா இருந்தா ஒத்துக்க. நான் அவளை அனுப்புன்னு சொல்றேன், நீ அவ இங்க நிம்மதியா இருக்கான்னு சொல்ற. நடுவுல இருக்கிறவ வாயில ரெண்டு நன்றியும் ஒரு வணக்கமும்தான் திணிச்சு வச்சிருக்க. முதல்ல அவளுக்கு வேண்டாம்னு சொல்ல வழி பண்ணு. அதுக்கப்புறம் கேளு, எங்க இருக்கணும்னு. அவ உன் வீட்லதான் இருக்கேன்னு சொல்லட்டும். நான் இந்தப் பேச்சையே விட்டுடுறேன்.

உன் மாமா


பிப்ரவரி 11

அன்புள்ள மாமா,

'படிச்ச முட்டாள்' என்ற பட்டத்துக்கு நன்றி. இந்த நன்றி கருவி சொன்னது இல்லை, நானே சொல்வது.

உங்கள் கடிதத்தை நான் ஆராய்ச்சிக் கூடத்தில் வாசித்துக் காட்டவில்லை. ஆனால் கேள்வியை மட்டும் கேட்டேன்: 'வேண்டாம்' ஏன் இல்லை? நிரல் எழுதும் மாணவன் சொன்னான்: "சார், இது தேவைகளைச் சொல்லும் கருவி. வேண்டாம் என்பது தேவை இல்லையே. வேண்டாம் என்றால் தொடாமல் இருந்தாலே போதும்." அதைக் கேட்டபோது எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஆறு வருடமாகச் சரியாகத்தான் பட்டிருக்கிறது.

பிறகு செவிலியர் துறைக்குப் போனேன். அது எங்கள் கட்டடத்திலேயே ஒரு மாடி கீழே இருக்கிறது. நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. திட்டத்துக்கான நிதி பொறியியல் துறையின் பெயரில் வந்தது. அவர்களைக் கூப்பிட்டால் திட்டத்தில் தங்கள் பெயரையும் போடச் சொல்வார்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. அங்கே பேச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்மணி இருக்கிறார். படத்தாளைப் பார்த்து, "இதில் யாருமே மறுக்கவில்லையே, இவர்கள் நோயாளிகளா விருந்தாளிகளா?" என்றார். நீங்களும் அவரும் ஒரே பள்ளியில் படித்தது போல் இருந்தது. மன்னிக்கவும், நீங்கள் பள்ளிக்குப் போகவில்லை.

அதே நேரம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்காகப் பேசும் உரிமை உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? உங்கள் வீட்டில் நான் வளர்ந்தவன். மாடிப்படியில் உட்கார்ந்து பாடம் படிப்பேன். கீழே கடையிலிருந்து உங்கள் குரல் வரும், "காபி!" பதிலுக்கு அக்கா என்ன சொன்னாள் என்று நீங்கள் ஒரு நாளும் காத்திருந்து கேட்டதில்லை. காபிதான் வரும்.

உங்கள் சவாலை ஏற்கிறேன். கருவியைத் திருத்துகிறோம். அக்கா வழக்கமாகச் சொல்லும் மறுப்புச் சொற்கள், கோபச் சொற்கள் உங்களுக்குத்தானே அத்துப்படி? அனுப்பி வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அக்காவிடமே கேட்கலாம். இங்கே இருக்கிறேன் என்றுதான் சொல்வாள். அதையும் உங்களுக்கு எழுதத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


பிப்ரவரி 18

மச்சான்,

நீ மாடிப்படியில உட்கார்ந்து படிச்சது ஞாபகம் இருக்கு. மூணாவது படி. பரீட்சைக்கு முந்தின நாள் மசியைக் கவிழ்த்து, படியெல்லாம் நீலம். உங்க அக்கா உன்னை ஒண்ணும் சொல்லல, என்னைத் திட்டினா. கடை நடத்துற மனுஷன் பையனுக்கு மேசை வாங்கிக் கொடுக்கலையேன்னு. டாக்டர் பட்டம் வாங்கிட்டு வந்து நின்னப்போ நான் நாக்கை நீட்டிக் காட்டினேன், தொண்டை கட்டியிருந்துச்சு. "மாமா, இது அந்த டாக்டர் இல்ல"ன்ன. அப்ப எதுக்குடா பட்டம்னு கேட்டேன். இப்பவும் அதையேதான் கேக்குறேன்.

வார்த்தை கேட்டியே, எழுதிக்க. ஒண்ணு தெரிஞ்சுக்க: உங்க அக்கா திட்டும்போதும் என்னை நீங்கன்னுதான் திட்டுவா. மரியாதையாத் திட்டுவா. அதுதான் உறைக்கும்.

"காது இருக்கா, கழட்டி வச்சிட்டீங்களா?" இது அவ கூப்பிட்டு நான் வராதப்போ.

"போதும், நிறுத்துங்க." இது நான் பழைய கதை சொல்லும்போது, ஆள் பேர் பார்க்காம, விருந்தாளி முன்னாடியே.

"செஞ்ச வரைக்கும் போதும், தள்ளுங்க." நான் அடுப்படிக்குள்ள நுழைஞ்சா.

"என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க." இது வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான். வந்துச்சுன்னா நான் கடையைத் திறந்து வச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

"யாரைக் கேட்டு?" இது எல்லாத்துக்கும். நான் சைக்கிள் வித்ததுக்கு, உன்னை ஹாஸ்டல்ல சேர்த்ததுக்கு, சுவத்துல ஆணி அடிச்சதுக்கு.

இன்னும் நிறைய இருக்கு. இந்த அம்மா எழுதிக்கிட்டே சிரிக்குது, கை ஓடல. இதெல்லாம் ரேடியோவுல செய்தி வாசிக்கிற குரல்ல சொல்ல வச்சிடாத. "இப்போது முக்கியச் செய்திகள், என் கண் முன்னால் நிற்காதீர்கள்"னு வந்தா அவ பலகையைத் தூக்கி உன் தலையில போடுவா. போட்டா எனக்குச் சொல்லி அனுப்பு.

இந்த வார்த்தையெல்லாம் கிடைச்சா அவ முதல் காரியமா என்ன சொல்வான்னு எனக்குத் தெரியும். உன்னைப் பார்த்து, "யாரைக் கேட்டு இங்க கூட்டிட்டு வந்த?"

உன் மாமா


மார்ச் 14

அன்புள்ள மாமா,

நான்கு வாரம் எழுதவில்லை. எழுதும்படியான நிலையில் நான் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மாணவர்கள் 'வேண்டாம்' என்பதற்குச் சிவப்பில் பெருக்கல் குறி போட்டுக் கொண்டுவந்தார்கள். அக்கா பார்த்தாள், பலகையைத் தள்ளிவிட்டாள். மறுபடி காட்டினோம், மறுபடி தள்ளினாள். விடைத்தாளில் ஆசிரியர் போடுவது போல் அவளுக்குப் பட்டதாம். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று. அது பயிற்சிப் பெண்மணிக்குத்தான் புரிந்தது. "சரிம்மா, நீங்களே காட்டுங்க, எப்படிச் சொல்வீங்க?" என்றார். அக்கா நல்ல கையைத் தூக்கி, உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அதையே படம் எடுத்தோம். இப்போது பதினோரு பேருடைய பலகையிலும் 'வேண்டாம்' என்றால் அக்காவின் உள்ளங்கைதான்.

குரலையும் மாற்றினோம். என் மனைவியின் குரலைப் பதிவு செய்தோம். உள்ளங்கை. ஒரு வானொலி அறிவிப்பாளர். உள்ளங்கை. கடைசியில், ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தேநீர் கொண்டுவரும் அம்மா கதவருகே நின்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கம் விரலை நீட்டினாள், இது வேண்டும் என்று. கரகரத்த குரல். அதுதான் இப்போது பேசுகிறது.

நீங்கள் அனுப்பிய சொற்களையும் ஏற்றினோம். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு அக்கா சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் மாமா, அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவற்றை எடுத்துவிடச் சொன்னாள். அவை உங்களிடம் சொன்னவை. இப்போது அவளுக்கு வேறு சொற்கள் வேண்டியிருக்கின்றன.

தண்ணீர் விஷயம். நீங்களும் தப்பு, நானும் தப்பு. அக்காவுக்குத் தாகமும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. நாங்கள் வைத்திருக்கும் கவனிப்பு அம்மா காலையிலிருந்து மாலை வரை வாய் ஓயாமல் பேசுகிறவர். தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் அவர் எழுந்து வெளியே போவார். கொஞ்ச நேரம் அறை அமைதியாக இருக்கும். அதற்காகத்தான். 'வெளியே போ' என்று ஒரு படம் வைத்த அன்றே தண்ணீர் நின்றுவிட்டது. இரண்டு முறை இரத்தம் எடுத்ததற்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

அவள் வைத்துக்கொண்ட ஒரு சொல் எது என்று கேட்பீர்கள். 'போதும், நிறுத்துங்க.' போன வாரம் நிதிக்குழு வந்தது. துணைவேந்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பேசிக்கொண்டிருந்தேன். "நோயாளிகளின் குரலை மையத்தில் வைத்து" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையிலிருந்து அந்தக் கரகரத்த குரல். "போதும், நிறுத்துங்க." பிறகு குழுவில் வயதான ஒருவர் சிரித்துவிட்டு, "அந்த அம்மாவைப் பேச விடுங்கள், உங்களை அப்புறம் கேட்கிறோம்" என்றார். அதற்குப் பின் ஒரு மணி நேரம் படங்களால் அக்கா பேசினாள். எந்தப் படம் உதவாது, எது எங்கே இருக்க வேண்டும், எந்த மாணவன் அவசரப்படுத்துகிறான். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அக்காவும் இன்னும் மூன்று நோயாளிகளும் திட்டத்தின் குழுவில் இருக்கிறார்கள். மாணவர்கள் நிரல் எழுதுவதற்கு முன் வார்டில் உட்கார வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அக்கா கழுத்தில் பல்கலைக்கழக அட்டை தொங்குகிறது. 'ஆலோசகர்' என்று. தூங்கும்போதுதான் கழற்றுகிறாள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


மார்ச் 21

மச்சான்,

கடிதத்தை இந்த அம்மாவை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். துணைவேந்தர் முன்னாடி நீ வாயைப் பொத்திக்கிட்டு நின்ன இடத்தை மட்டும் மூணு தடவை. கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் அம்மா இப்ப அதைச் சொல்லிக்கிட்டு இருக்கு.

தண்ணி விஷயத்துல நான் சொன்னது தப்புன்னு எழுதியிருக்க. சரி, தப்புதான். நீ ஊசி குத்தின தப்பு, நான் ஊசி குத்தாத தப்பு.

என் வார்த்தையை எல்லாம் எடுத்துடச் சொன்னான்னு எழுதியிருக்க. வேற வார்த்தை என்னென்ன கேட்டான்னு எழுதல. அது எனக்குத் தெரிய வேண்டாம்னு விட்டியா, இல்ல அவ சொல்லாதன்னு சொன்னாளா?

இனி சாக்குச் சொல்லாத. பேச்சு வந்தாச்சு. வேண்டாம் வந்தாச்சு. இப்ப கேளு. ஆனா நீ கேக்கக் கூடாது. உன் மூஞ்சியில பதில் எழுதி ஒட்டியிருக்கும், அவ அதைப் படிச்சிடுவா. நானும் கேக்கக் கூடாது, எனக்கும் அதே வியாதி. அந்தப் பேச்சு டீச்சர் கேக்கட்டும். கதவைச் சாத்திக்கிட்டு, ரெண்டு பேர் மட்டும். இத்தோட படம் வச்சிருக்கேன். இந்த அம்மா போன்ல எடுத்து அச்சுப் போட்டுக் கொடுத்துச்சு. ஒண்ணு, கீழ் அறை, கட்டிலோட. ஜன்னல் திறந்திருக்கு பாரு, காத்து வரும், டயர் நாத்தம் போயிடுச்சு. இன்னொண்ணு நான். சிரிக்காமத்தான் நிக்கிறேன். உங்க படத்து ஆள் மாதிரி இல்ல.

அவ என்ன சொன்னாலும் சொன்னபடி எழுது. பூசி மெழுகாத.

உன் மாமா


ஏப்ரல் 6

மாமா,

சொன்னபடியே நடந்தது. பயிற்சி அறை, கதவு சாத்தியிருந்தது. நான் தாழ்வாரத்தில் இருந்தேன். அந்தப் பெண்மணி வெளியே வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் படத்தை வைத்திருக்கிறார். அக்கா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், திருப்பித் தரவில்லை. பிறகு கீழ் அறைப் படம். வெகுநேரம் பார்த்தாளாம். கட்டிலை விரலால் தொட்டாளாம். "அங்கே போய் இருக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம்.

"அவர் தனியா இருக்காராம்மா" என்றிருக்கிறார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் சொல்லிவிட்டார். அக்கா அழுதாள். அழுதுகொண்டே மறுபடியும் தொட்டாள். வேண்டாம்.

நான் ஜெயித்தேன் என்று நினைக்காதீர்கள். அடுத்து என் வீட்டுப் படத்தை வைத்தார். உங்களுக்கு விழுந்த அதே கை எனக்கும் விழுந்தது. அழக்கூட இல்லையாம்.

பிறகு அக்காவே தேடி எடுத்தாள். 'இங்கே.' 'வேலை.' 'நான்.' பயிற்சி மருத்துவமனையை ஒட்டி ஒரு விடுதி இருக்கிறது. குழுவில் உள்ள இரண்டு பெண்கள் அங்கேதான் தங்கியிருக்கிறார்கள். இருவருக்கும் பேச்சு இல்லை, மாலையில் அவர்கள் பலகைகளின் சத்தம் மட்டும் கேட்கும் என்று காவலாளி சொல்கிறார். அங்கே ஒரு கட்டில் கேட்கிறாள். பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டுவிட்டது.

மாமா, நான் அன்று தாழ்வாரத்திலேயே அழுதுவிட்டேன். இப்போது நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன். கருவி இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. அந்தக் கைப் படமும் பக்கத்துப் படமும் நெருக்கமாக இருக்கின்றன, தவறித் தொட்டிருக்கலாம். களைப்பாகவும் இருந்திருக்கலாம். அடுத்த வாரம் வேறு மாதிரி கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒரு நடை வந்து எதிரில் உட்கார்ந்தால், பதில் மாறினாலும் மாறும். நம் இருவருக்குமே.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 12

மச்சான்,

இதை அம்மா நேத்தே வாசிச்சுக் காட்டிடுச்சு. நான்தான் நேத்து பதில் சொல்லல. இன்னைக்குச் சொல்றேன்.

வேற மாதிரி கேக்குறதுன்னா என்னடா? நமக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேக்குறதா? இதுக்குத்தானா ஆறு வருஷம் ஆராய்ச்சி? அவ ஒரு தடவை சொன்னா. அந்தப் பொம்பளை என் பேரைச் சொல்லி இரக்கத்தைக் கிளறினப்புறமும் அழுதுக்கிட்டே ரெண்டாவது தடவையும் சொன்னா. இன்னும் அவ என்ன பண்ணணும், எழுந்து நின்னு பாடணுமா? மறுபடி போய்க் கேட்டீன்னா, முதல்ல சொன்னது பேச்சே இல்லைன்னு ஆயிடும். அப்புறம் அந்தப் பலகையை எடுத்து அடுப்புல வை.

தவறித் தொட்டாளாம். உங்களுக்குச் சாதகமாத் தொட்டா பேச்சு, இல்லைன்னா கை தவறுதல். நிதிக்குழுகிட்ட இதைச் சொல்லிப் பாரேன்.

நான் வரல. நான் வந்து எதிர்ல உட்கார்ந்தா அவ என் மூஞ்சியைப் பார்ப்பா, கையை மடக்கிக்குவா. வந்துடுவா. வந்து, நான் கட்டில் போட்ட அறையில, நான் கேக்குற நேரத்துக்கெல்லாம் நலம்னு தொட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. அது எனக்கு வேண்டாம். இப்ப நான் சொல்றதும் வேண்டாம்தான், எழுதிக்க.

விடுதியில அவ கட்டில் ஜன்னல் பக்கம் இருக்கான்னு பாரு. மின்விசிறிக்கு நேரா போடாத, அவளுக்குக் கழுத்து பிடிச்சுக்கும். அந்த வாய் ஓயாத அம்மாவை அங்கயும் அனுப்பி வைக்காத.

அழுதேன்னு எழுதியிருக்க. அழு. எனக்கு ஆறுதல் சொல்லி மட்டும் எழுதாத. உன் ஆறுதல் எனக்குத் தெரியும், அதுவும் அந்தப் படத்துல சிரிக்கிறவன் மாதிரிதான் இருக்கும்.

நாளைக்குக் காலையில நேரா அவகிட்ட போ. அந்த டீச்சர் வேண்டாம், பலகை வேண்டாம், நீயே சொல்லு. நீங்க வேண்டாம்னு சொன்னது மாமாவுக்குக் கேட்டுச்சாம்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தையும் சேர்க்காத. சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் அங்கயே நில்லு. அவ ஏதாவது சொன்னா கேட்டுக்க. ஒண்ணும் சொல்லலைன்னா வெளிய வந்துடு.

உன் மாமா